மாடிப்படிக்குக் கீழே ஒரு குதிர்

"சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறான். காற்று நினைத்தால் வரும், நினைத்தால் போகும். இவர்களை நம்பி ஒரு ராஜ்யத்துக்கு விளக்கேற்ற முடியுமா, ஸார்? நிலக்கரிதான் கதி!" என்றார் நண்பர். பென்ஷன் வாங்குகிறவர், நல்ல மனிதர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. 'டக்' என்று ஒரு சப்தம். அவர் வீட்டு விசிறி மட்டும் ஒரு சுற்றுக்கூடத் தவறாமல் ஓடியது. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டரின் தயவில் நண்பர் நிலக்கரியின் பெருமையைத் தொடர்ந்து பேசினார்.

அவர் சொன்னதில் பாதி வாஸ்தவம். மின்சாரம் விசித்திரமான சரக்கு. நாம் எடுக்கிற அளவு அந்தந்த விநாடியே கம்பியில் வந்து சேரவேண்டும். குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு. ஆனால் இருட்டுக்கெல்லாம் சூரியனும் காற்றுமா காரணம்? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா அடுத்தடுத்து இருண்டதே, அது பாரம் தாங்காத ஒரு பெரிய கம்பிப்பாதை துண்டித்துக்கொண்டதில் ஆரம்பித்தது. இரண்டாம் நாள் 60 கோடிப் பேர் வசிக்கும் பிரதேசத்தில் விளக்கில்லை. அதற்காக யாரும் கம்பியை நம்பாதே என்று சொல்லவில்லை.

நினைத்தபோது பெய்து நினைத்தபோது ஓய்கிற மழையை வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டில் நெல் விளைவித்தார்கள். மழை நம்பத் தகாதது என்று கழனியைத் தரிசு போடவில்லை, ஏரி வெட்டினார்கள். விளைந்ததை அன்றே குத்திச் சாப்பிட்டுவிடாமல் குதிரில் கொட்டி வைத்தார்கள். மின்சாரத்துக்கும் அப்படி ஓர் ஏரி நம்மிடம் இருக்கிறது. காடம்பாறையில் 1980-களின் கடைசியில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று அமைத்தார்கள். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மலைமேல் ஏற்றுவது, தேவைப்படும்போது கீழே விட்டுச் சக்கரத்தைச் சுற்றுவது. போட்டதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு திரும்பும். மீதியை எலி தின்றதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலையும் அணையும் இல்லாத ஊருக்குப் பாட்டரி. தென் ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28-ஆம் தேதி புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து மாகாணமே இருண்டது. "காற்றாலையை நம்பினால் இப்படித்தான்" என்று அங்கேயும் நம் நண்பரைப் போன்றவர்கள் சொன்னார்கள். காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பில் ஒரு குறை இருந்தது மெய், அதைத் திருத்தினார்கள். அத்தோடு நில்லாமல், 2017 டிசம்பரில் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளுக்குப் பக்கத்திலேயே 1,29,000 யூனிட் கொள்ளும் லித்தியம் பாட்டரியை நிறுவினார்கள். அந்த மாதமே அடுத்த மாகாணத்தில் ஒரு பெரிய நிலக்கரி யந்திரம் திடீரென்று நின்றது. ஒரு விநாடிக்குள் இந்தப் பாட்டரி மின்சாரம் தர ஆரம்பித்துவிட்டது. தந்தது கொஞ்சம்தான், ஆனாலும் 'நம்பத் தகுந்த' நிலக்கரி விழுந்தபோது முதலில் கை கொடுத்தது யார் என்பதை நண்பர் கவனிக்கவேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நாம் இன்வெர்ட்டருக்கு வாங்குகிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி 1.8 யூனிட் கொள்ளும். ஹார்ன்ஸ்டேலை அதனால் வகுத்தால் சுமார் 72,000 பாட்டரிகள். இரண்டு மூன்று ஜில்லாத் தலைநகரங்களின் மாடிப்படிகளுக்குக் கீழே தேடினால் அத்தனை தேறாதா? பாட்டரிக்குப் பணமில்லை என்று சொல்லாதீர்கள். வாங்கிவிட்டோம். ஆளுக்கொரு துண்டாக வாங்கினோம், அவ்வளவுதான். அந்தத் துண்டுகள் செய்கிற காரியத்தையும் பாருங்கள்! மத்தியானம் வெயில் மின்சாரம் வேண்டிய மட்டும் கிடைக்கையில் அவை நிறைந்து தூங்குகின்றன. இரவு ஏழு மணிக்குப் போன மின்சாரம் எட்டு மணிக்குத் திரும்பியதும், ஊரே விளக்கேற்றித் திணறும் அந்த நேரத்தில், அத்தனையும் ஒரே மூச்சில் உறிஞ்ச ஆரம்பிக்கின்றன.

2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளியூர்களுக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் மின்வெட்டு இருந்தது ஞாபகமிருக்கும். எங்கள் தெருவில் மனு ஒன்று தயாராயிற்று. நானே எழுதினேன், கதாசிரியனாயிற்றே! முதல் வாரம் நாற்பது கையெழுத்து. அப்புறம் ஒவ்வொரு வீடாக இன்வெர்ட்டர் வந்தது. வந்த வீட்டில் கையெழுத்துக் கேட்டால், "பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது பதினேழாவது என்று நினைக்கிறேன். அதன் பிறகு மனுவைப் பற்றி நானும் யோசிக்கவில்லை. தெருக்கோடித் தகர வீட்டுப் பெண் பத்தாவது பரீட்சைக்கு எங்கள் திண்ணை விளக்கில் வந்து படித்தாள். அதைப் பெரிய தர்மம் என்று எண்ணிப் பூரித்துப் போனேன். அவள் தகப்பனாரின் தையல் மிஷின் மோட்டார் இரவில் ஓடாமல் கிடந்ததைத் திண்ணையிலிருந்து பார்க்க முடியாது.

ஆட்சேபங்கள் உண்டு. லித்தியம் தீப்பிடிக்கும்; 2025 ஜனவரியில் கலிபோர்னியாவில் மாஸ் லாண்டிங் நிலையம் எரிந்து, சுற்று வட்டாரத்து ஜனங்கள் வீடு விட்டு ஓடவேண்டியிருந்தது. எரியும் சுபாவம் குறைந்த இரும்பு-பாஸ்பேட் வகை இருக்கிறது. அதையும் ஊருக்குள் நெருக்கி வைக்காமல் இடைவெளி விட்டு வைக்கவேண்டும். இன்னொன்று: பாட்டரி சில மணி நேரத்துக்குத்தான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழியில் அடிக்கிற காற்றை மார்கழிக்கு அதில் மூட்டை கட்டி வைக்க முடியாது. மத்தியான வெயிலை இரவு பத்து மணிவரை வைத்திருக்க முடியும். நமக்கு முட்டுப்படுகிற நேரமும் அதுதானே?

டெல்லியில் கிலோகரி துணை மின்நிலையத்தில் 2025-ல் 20 மெகாவாட் பாட்டரி வைத்து, இரண்டு மணி நேரம் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் கம்பியின் கீழ் தகர வீடும் உண்டு, மாடி வீடும் உண்டு. நம் தெருவுக்கு மின்சாரம் வரும் துணை மின்நிலையத்தில் அப்படி ஒன்று வைக்கச் சொல்லி மறுபடியும் ஒரு மனு எழுதியிருக்கிறேன்.

நண்பரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்" என்று கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "உங்கள் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாயிற்று?" என்று விசாரித்தார்.

மூன்று மாதம் ஆகியிருந்தது.