பழைய வீட்டின் குசினி

ஒரு குடும்பம் வீட்டைத் திருத்தத் தீர்மானித்தால் முதற் பணம் முன்வாசலுக்கே செல்வது நம்மவர் வழக்கம். வருவோர் கண்ணிற்படும் விறாந்தைக்கு வர்ணம், கூடத்துக்குப் புதுத் தளம், வளவுக்குப் புது மதில் என்று செலவு நடந்து, கையிருப்புக் கரைந்தபின் எஞ்சுவதே குசினிக்கு வரும். வீட்டுத் தலைவி ஒரு நாளில் அதிக நேரம் நின்று உழைக்கும் இடம் அதுவே என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் செலவுக் கணக்கில் அதற்குக் கடைசி வரியே கிடைக்கின்றது.

கண்டி நகரிலும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் ஐம்பது, நூறு ஆண்டு கண்ட வீடுகள் இன்னும் பல உள்ளன. அவற்றின் குசினியைத் திருத்த எண்ணுவோர்க்கு உதவுமென நம்பி இவ்வாரம் அதைப்பற்றியே பேசுவோம். அலங்காரத்தைப் பற்றிக் கடைக்காரர் நிறையவே சொல்லுவர். அதை அவர்களிடம் விட்டு, குசினியில் நிற்பவரின் உடலையும் உயிரையும் தொடும் செய்திகளை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்வோம்.

பழைய குசினியைக் குறை கூறுமுன், அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று அறிதல் நலம். முன்னோர் குசினியை வீட்டின் பின்புறத்தில், சில இடங்களில் வீட்டினின்று சற்று விலக்கியே, கட்டினர். தீ பிடித்தால் அது வீடெங்கும் பரவலாகாது. புகை படுக்கையறைக்கு வரலாகாது என்பது அவர்கள் எண்ணம். கூரையில் அடுக்கிய நாட்டோடுகளின் இடைவெளி வழியே புகை மெல்ல வெளியேறிற்று. அடுப்புக்கு மேலே ஒரு பரண் இருந்தது. மழைக்காலத்து விறகு அங்கே காய்ந்தது. கொறுக்காயும் விதை நெல்லும் வண்டு அணுகாமல் அங்கே காக்கப்பட்டன. கூரையின் கைமரங்களையும் சலாகைகளையும் புழு அரிக்காமல் காத்ததும் அந்தப் புகைதான். வீட்டின் பொருள்களுக்கெல்லாம் புகை காவலாக நின்றது. அதற்குரிய கூலியைச் செலுத்தியவர் அடுப்பின் முன்னே குந்தியிருந்த பெண்.

அந்தக் கூலி எவ்வளவு என்பதை இன்று நாம் அறிவோம். விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றால் வீட்டினுள் எழும் புகை 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 237,000 க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தாயின் மடியிலும் முதுகிலும் இருந்து தாயோடு புகையை உண்ட குழந்தைகள் அவர்கள். கண்ணெரிச்சல், இருமல் என்று நாம் சிறிதாகச் சொல்லிக் கடப்பவை நெஞ்சு நோய்க்கும் இருதய நோய்க்கும் தொடக்கமாகலாம்.

ஆகவே, பழைய குசினியில் முதற் செலவு புகைக்கே ஆக வேண்டும். அடுப்பின் மேல் ஒரு கூண்டு கட்டி, அதிலிருந்து புகைபோக்கியைக் கூரையின் முகட்டுக்கும் மேலே உயர்த்த வேண்டும். முகட்டுக்குத் தாழ நின்றால் காற்று திரும்பியடித்துப் புகையை உள்ளேயே தள்ளிவிடும். வெளியேறும் புகைக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர வழியில்லாவிடின் எவ்வளவு நல்ல புகைபோக்கியும் இழுக்காது. ஆகையால் அடுப்புக்கு எதிர்ப்புறம் ஒரு சாளரம் அவசியம். புகை நீங்கிய பின்னர் கூரை மரத்துக்குப் பழைய காவல் இராது என்பதையும் மறத்தல் கூடாது. மரங்களைத் தட்டிப் பார்த்து, உளுத்தவற்றை மாற்றி, மற்றவற்றுக்குக் கறையான் மருந்து பூசுவித்தல் நன்று.

இங்கே பலர் ஒரு முடிவுக்கு வருவர். "எரிவாயு அடுப்பு இருக்கும்போது விறகடுப்பு எதற்கு? இடித்துவிட்டால் இடமும் மிஞ்சும்" என்பர். இதற்கு விடை நம் அண்மை அனுபவத்திலேயே உண்டு. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோகிராம் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தோர்க்குச் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களை வீதியில் வரிசையாக அடுக்கி இரவு பகலாகக் காத்திருந்தனர். விறகடுப்பை வைத்திருந்த வீட்டில் அந்நாட்களிலும் உலை கொதித்தது. அதை இடித்துப் பளிங்கு பதித்திருந்த வீட்டார் கொல்லையில் மூன்று கல் கூட்டிக் குடை பிடித்துக்கொண்டு சமைக்க நேர்ந்தது.

விறகடுப்பை வைத்துக்கொள்ளுதல் என்றால் பழைய மூன்று கல்லையே வைத்திருத்தல் என்று பொருளன்று. 1980களில் இந்நாட்டில் உருவாக்கப்பட்ட 'அனகி' என்னும் களிமண் அடுப்பு கண்டிப் பகுதிக்குப் புதியதன்று. ஒரே வாயில் இட்ட விறகு இரண்டு பானைகளைச் சூடாக்கும். திறந்த அடுப்பில் பக்கமெல்லாம் சிதறும் அனல் இதில் பானையடியிலேயே அடங்குவதால் விறகு குறையும். இதைச் சுற்றி மண்ணும் கல்லும் வைத்துக் கட்டி, மேலே கூண்டும் அமைத்துவிட்டால், எரிவாயு அடுப்புக்குப் பக்கத்திலேயே இதுவும் ஒரு மூலையில் ஒடுங்கி இருக்கும்.

எரிவாயுவைப் பற்றியும் மாணவர் உட்பட எல்லோரும் அறிய வேண்டிய ஓர் உண்மை உண்டு. சமையல் எரிவாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் மேலே எழாது. தரையோடு படிந்து நிற்கும். கூரையோரத்தில் மாத்திரம் காற்றுவழி வைத்த குசினியில் அது வெளியேறாது. தரைமட்டத்தில் இரண்டு துவாரங்கள் வேண்டும். சிலிண்டரை வெளிச்சுவரின் புறத்தே, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்திக் குழாயை உள்ளே கொண்டுவருதல் இன்னும் நன்று. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை நினைவில் வைத்திருப்போர் இச்சிறு செலவுக்குத் தயங்கமாட்டார்.

புகைக்கு அடுத்த பகை ஈரம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. தென்மேற்குப் பருவமழையும் இங்கே பெய்யும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையும் பெய்யும். பழைய சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. சுண்ணாம்பு தான் குடித்த ஈரத்தை வெயிற்காலத்தில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். புதுப்பூச்சு சில ஆண்டுகளில் உப்பிக் கழன்று விழுவதற்கு மேசன் பாஸின் கைக்குறை எப்போதும் காரணமன்று. இந்தப் பொருந்தாச் சேர்க்கையே பல வேளைகளில் காரணமாகும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். பளிங்கு ஓடு தண்ணீர்த் தொட்டியின் பின்னேயும் அடுப்பின் பின்னேயும் மாத்திரம் போதும். கரி படிந்த சுவரைச் சுரண்டிக் கழுவிய பின்பே வெள்ளையடிக்க வேண்டும்; அன்றேல் மூன்றாம் மாதம் கறை மீண்டும் தலைகாட்டும்.

கண்டி வீடுகளின் குசினிக்கு வேறொரு தனிக்குணமும் உண்டு. மலைச்சரிவை வெட்டி எழுப்பிய வீடுகளில் குசினியின் பின்சுவர், வெட்டிய மண்திட்டை ஒட்டியே நிற்கும். குசினியைப் பெருப்பிக்க விரும்புவோர் அந்தத் திட்டை இன்னும் நாலடி வெட்டலாமே என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டத்தில் சரிந்த மண் எத்தனை குடும்பங்களை விழுங்கிற்று என்பதை நாம் மறக்கவில்லை. மலையடியை ஒரு முழம் வெட்டுவதாயினும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே மண்வெட்டியை எடுக்க வேண்டும். திட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு வடிகாலை வெட்டி, அதில் இலை குப்பை அடையாமல் பார்த்துக்கொண்டாலே பின்சுவரின் ஈரம் பெரிதும் குறையும். நகரின் பழைய பகுதியில் இருப்போர்க்கு மற்றுமொரு கடமை உண்டு. கண்டி 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரம். வீட்டின் உருவை மாற்றுமுன் மாநகர சபையில் கேட்டறிதல் பின்னால் வரும் வழக்கையும் வீண்செலவையும் தவிர்க்கும்.

அடுத்தது கூரை. பழைய ஓடு ஒழுகியபோது அதை அகற்றி அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார்த் தகடு போட்ட குசினிகள் நம்மிடையே மிகப் பல. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இலங்கை அரசும் 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவிருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலையோடு பூச்சி வந்ததாகக் கூறி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. சில நாட்களுள் நம் அரசு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. தேயிலைக்கு விழுந்த தடையும் நீங்கிற்று. நம் மலைத் தேயிலைக்கும் நம் குசினிக் கூரைக்கும் இப்படியும் ஓர் உறவு ஏற்பட்டது.

தகடு உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அதை அறுப்பதும், துளைப்பதும், காய்ந்த நிலையில் உரஞ்சித் தேய்ப்பதுமே நார்த்தூளை எழுப்பும். புகைபோக்கிக்கு வழிவிட அத்தகட்டை வாளால் அறுக்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி அணிந்த வேலையாளைக்கொண்டு முழுத் தகடாகவே கழற்றி, ஓட்டுக்கு மாறிவிடுங்கள். ஓடு போடும்போது இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகளையும் இடையிட்டால் பகலில் விளக்கேற்ற வேண்டியிராது. கூரையைத் திறக்கும் வேலைக்கு மழை குறைந்த தை, மாசி மாதங்களே உகந்தவை.

இவையெல்லாம் முடிந்த பின்னரே தட்டுகளும் அலுமாரிகளும் வர வேண்டும். இங்கும் ஒரு கேள்வி முன்னிற்கின்றது: யாருடைய அளவுக்கு? இன்றைய பொருத்துக் குசினிகளுக்கெல்லாம் மூதாயாகச் சொல்லப்படுவது 1926 இல் ஜேர்மனியின் பிராங்பர்ட் நகரில் மார்கரெட் ஷுட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் வகுத்த குசினி. காலடிகளை எண்ணி, கைக்கெட்டும் தூரத்தை அளந்து வகுத்த அது ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. வகுத்தவரோ அதற்குமுன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொன்னவர். நம் கண்டியில் 1918 இல் பிறந்த மினெட் டி சில்வா சென்ற வழி வேறு. 1950களில் வட்டப்புளுவவில் அரச ஊழியர்க்கான வீட்டுத் திட்டத்தை வகுத்தபோது, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல இனத்தவரான வருங்காலக் குடியிருப்பாளரிடமே அவர்தம் வாழ்க்கை முறையை வினவி, அதற்கேற்ப வீடுகளை அமைத்தார்.

அவ்வழியே நமக்கும் ஏற்றது. கடையில் விற்கும் தட்டின் உயரம் பெரும்பாலும் மூன்றடி. ஐந்தடி உயரமுள்ள நம் பெண்களுக்கு அது தோள்வலியையே கொடுக்கும். சமைப்பவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையின் உயரத்தை அளந்து, அதிலிருந்து நாலு அங்குலம் குறைத்தால் அவருக்குரிய உயரம் கிடைக்கும். அம்மியும் திருவலையும் வேண்டுமா, வேண்டுமாயின் எங்கே என்பதையும் அவரே சொல்லட்டும். வேலை முடியும்வரை சமையல் எங்கே நடப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதை நினையாது சுவரை இடித்த வீடுகளில் முதல் வாரமே சண்டை மூளும்.

இவ்வாறு கேட்கப்படும் பேறும் இல்லாத பெண்கள் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழ்கின்றனர். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. அதற்கும் முன்னே, கோப்பிக் காலத்திலேயே எழுந்தவை லயன்கள். ஒற்றைக் காம்பறாவும் ஒடுங்கிய குசினியுமாகச் சாளரமின்றிக் கட்டப்பட்ட அவற்றில் இன்றும் பல குடும்பங்கள் சமைக்கின்றன. புகை போக ஒரு துவாரம் திறக்க அப்பெண்ணுக்கும் அறிவுண்டு, ஆசையுண்டு. சுவரும் நிலமும் அவளுடையவை அல்ல என்பதே தடை. வீட்டுரிமை, காணியுரிமை என்று மேடைகளில் பேசப்படுவது இறுதியில் இந்தச் சாளரத்தையும் பற்றியதே என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

உரிமையுள்ள வீட்டில் வாழும் நாம் அவ்வுரிமையை நன்கு பயன்படுத்துவோம். கையில் உள்ள பணம் சிறிதாயின் புகைபோக்கியும் சாளரமும் முதலில். அடுத்து வடிகாலும் கூரையும். பளிங்கும் அலுமாரியும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். மேசன் பாஸை அழைக்குமுன் ஒரு காலை வேளையில் ஐயாமாரும் பிள்ளைகளும் குசினிக்குள் சென்று, சோறு வடித்து முடியும்வரை அங்கேயே நின்று பாருங்கள். எதை முதலில் திருத்த வேண்டும் என்பதை உங்கள் கண்களே சொல்லிவிடும்.