கோல்ஃப் வகுப்பு தண்டச் செலவா?

கோல்ஃப் ஆடுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளம், நம் ஊர் கிளப்களிலும் இல்லாமல் இல்லை. ஐந்தாறு வருடமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை காலை தவறாமல் மைதானத்தில் ஆஜர். பதினெட்டுக் குழி முடிவதற்குள் நாலு பந்து தண்ணீரில், மூணு பந்து புதரில். வீட்டுக்கு வந்ததும் "இந்தச் சனியன் பிடித்த ஆட்டமே வேண்டாம்" என்று சபதம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆஜர்!

இவர்களிடம் "ஒரு பயிற்சியாளரிடம் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். "அதெல்லாம் தண்டச் செலவு. ஆடி ஆடித்தான் வரணும்" என்பார்கள். ஆனால் இதே ஆசாமி போன மாதம்தான் ஐந்நூறு, அறுநூறு டாலர் கொடுத்துப் புது டிரைவர் வாங்கியிருப்பார். அந்தக் காசில் உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் நாலைந்து வகுப்பு போயிருக்கலாம். ஆக, பிரச்சினை காசு இல்லை. கடையில் மட்டை வாங்கினால் குறை மட்டையில் இருந்தது என்று ஆகிவிடும். வகுப்புக்குப் போனால் குறை தன்னிடம் இருக்கிறது என்று ஆகிவிடும். அதுதான் கசக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பதினெட்டுக் குழிகளில் பந்தைப் போட வேண்டும், எத்தனை குறைவான அடிகளில் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பெரும்பாலான முழு மைதானங்களில் 72 அடியை ஒட்டித்தான் இலக்கு வைத்திருப்பார்கள். நம் சனிக்கிழமைக்காரருக்கு நூறு தாண்டும்.

சரி, "ஆடி ஆடி வரும்" என்ற வாதத்துக்கு வருவோம். சைக்கிள் ஓட்டுவதற்கு அது பொருந்தும். தப்பாக ஓட்டினால் விழுவோம், விழுந்தால் ஏன் விழுந்தோம் என்று உடம்புக்கே தெரியும். கோல்ஃப் அப்படி இல்லை. மட்டையை மேலிருந்து கீழே கொண்டுவர ஆகும் நேரம் கிட்டத்தட்ட கால் வினாடி. மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் மட்டையின் முகம் மூன்று டிகிரி திரும்பி, பந்தும் அந்தத் திசையிலேயே கிளம்பினால், இருநூறு கெஜம் தாண்டும்போது பத்து கெஜம் விலகியிருக்கும். அடித்தவருக்கு இதில் எதுவும் தெரியாது. பந்து புதருக்குள் போவது மட்டும்தான் தெரியும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த ஆட்டத்துக்கு அப்படியே பொருந்தும்.

இன்னும் மோசம் என்னவென்றால், தானாகச் செய்துகொள்ளும் வைத்தியமே நோயை வளர்க்கும். ஸ்லைஸ் என்று ஒரு வியாதி. வலது கைக்காரர் அடிக்கும் பந்து கிளம்பிப் பாதி வழியில் வலப்பக்கமாக வளைந்து ஓடிவிடும். காரணம், மட்டை வீசப்படும் பாதையைவிட மட்டையின் முகம் வலப்புறம் பார்த்துக்கொண்டிருப்பது. நம்மவர் என்ன செய்வார்? பந்து வலப்பக்கம் போகிறதே என்று அடுத்த முறை உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்பார். நியாயமான யோசனைதான். ஆனால் தோள் இடப்பக்கம் திரும்பியதும் மட்டை போகும் பாதையும் இன்னும் இடப்பக்கம் போகிறது. மட்டையின் முகமோ பழையபடி இலக்கைத்தான் பார்க்கிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது. உடனே இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவார். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பக்கத்துக் குழியைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார் :-)

இவர் "ஆடி ஆடி" எதைப் பழகினார்? தப்பைத்தான் பழகினார். ஆயிரம் பந்து அடித்தால் ஆயிரம் முறை அதே தப்பு.

கூட ஆடும் நண்பர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். அவர்களிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான்: "தலையைத் தூக்கிட்டே!" பந்தின் மண்டையில் மட்டை உரசி அது தரையோடு உருண்டால், பல நேரம் காரணம் தலை அல்ல. பந்தைக் கீழேயிருந்து அள்ளி மேலே தூக்கிவிட வேண்டும் என்று பின்காலிலேயே எடையை வைத்து அடிப்பதுதான். பந்தை உயரே தூக்குவதற்குத்தான் மட்டையின் முகத்தைச் சாய்வாகச் செய்திருக்கிறார்கள். அயர்ன் மட்டையைக் கீழ்நோக்கி அடித்தால் பந்து தானே எழும். இதைப் புரியவைக்க ஒரு பயிற்சியாளருக்கு பத்து நிமிடம் போதும். நண்பர்கள் பத்து வருடம் "தலை, தலை" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வாதம்: "பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் தானாகக் கற்றவர்கள்தானே?" லீ டிரெவினோ தானாகவே கற்று 1968-லும் 1971-லும் யு.எஸ். ஓப்பன் வென்றார். முறையான வகுப்பே போகாத பப்பா வாட்சன் 2012-லும் 2014-லும் மாஸ்டர்ஸ் வென்றார். இந்தியாவில் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன், பார்த்துப் பார்த்தே கற்று 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பன் வென்றார். எல்லாம் உண்மை. ஆனால் இவர்கள் சிறு வயதிலேயே கையில் மட்டையோடு வளர்ந்தவர்கள். டிரெவினோ பையனாக இருந்தபோதே நாள்தோறும் நூற்றுக்கணக்கில் பந்து அடித்தவர். சௌராசியாவுக்கு மைதானமே வீட்டு முற்றம். நாற்பது வயதில் மட்டையைத் தொட்டு, வாரத்துக்கு நாலு மணி நேரம் ஆடுகிறவர் இவர்களை உதாரணம் காட்டலாமா?

மறுபக்கத்தையும் பாருங்கள். பதினெட்டு மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸ் பத்து வயதில் ஜாக் கிரௌட்டிடம் சேர்ந்தவர். உலகப் புகழ் வந்த பிறகும் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவரிடம் போய் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். பென் கிரென்ஷா 1984-லேயே மாஸ்டர்ஸ் வென்றவர். அவருடைய குரு ஹார்வி பெனிக் 1995 ஏப்ரலில் தன் 90-வது வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில வாரம் முன்புகூட நோய்ப் படுக்கையிலிருந்தே கிரென்ஷாவுக்குப் பட்டிங் பாடம் எடுத்தார். குருவின் சவப்பெட்டியைச் சுமந்துவிட்டு வந்த கிரென்ஷா அதே வாரக் கடைசியில் மறுபடியும் மாஸ்டர்ஸ் வென்றார். அவருக்கே பாடம் தேவைப்பட்டது. சனிக்கிழமைக்காரருக்குத் தேவையில்லையாம்!

"யூடியூபில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே?" இருக்கிறது. நல்ல விளக்கங்களும் இருக்கின்றன. ஆனால் வீடியோவை நீங்கள் பார்க்கலாம், வீடியோ உங்களைப் பார்க்காது. தன் வியாதி எது என்று தெரியாமல் மருந்துக் கடைக்குள் நுழைவது மாதிரிதான். போனில் தன்னையே ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்க்கலாமே என்றால், எக்ஸ்ரேகூட எல்லோர் கண்ணுக்கும்தான் தெரிகிறது. படிக்கத் தெரிய வேண்டாமா?

கடைசி வாதத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு: "போன தடவை வகுப்புக்குப் போய் ஆட்டம் இன்னும் கெட்டுப்போச்சு." கெடும். பழகிய தப்பை விடும்போது சரியானதுதான் உடம்புக்குத் தப்பாகத் தோன்றும். நிக் ஃபால்டோ 1983-ல் ஐரோப்பியத் தொடரில் முதலிடம் பிடித்தவர். அது போதாதென்று டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் ஸ்விங்கையே பிரித்து மாட்டினார். இரண்டு வருடம் படாத பாடு. 1987-ல் பிரிட்டிஷ் ஓப்பன் கையில் வந்தது, பிறகு இன்னும் ஐந்து மேஜர்கள். நம்மவரோ ஒரே ஒரு அரைமணி வகுப்புக்குப் போய்விட்டு அடுத்த நாளே ஸ்கோர் கார்டைப் பார்க்கிறார்.

பயிற்சியாளர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பந்து கிளம்பும் திசையை மட்டை வீசிய பாதைதான் தீர்மானிக்கிறது என்று பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்து அளந்த பிறகுதான், பெரும்பாலும் மட்டையின் முகமே தீர்மானிக்கிறது என்று உறுதியானது. இன்றும் அரைமணியில் பிடி, நிற்கும் விதம், தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று ஐந்தையும் மாற்றச் சொல்லிக் குழப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும் காசு தண்டம்தான். ஒரு வகுப்பில் ஒரே விஷயம், அது ஏன் என்பதற்கு விளக்கம், வீட்டில் செய்ய ஒரு பயிற்சி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வது - இப்படி நடத்துகிறவரைத் தேடிப் போக வேண்டும். நாலைந்து தடவை போக வேண்டும். நடுவில் ஸ்கோர் எழுதாமல் பழக வேண்டும்.

அதற்குப் பொறுமை இல்லாதவர் வகுப்புக்குப் போகவே வேண்டாம். தாராளமாக நூறு தாண்டி அடிக்கட்டும், நண்பர்களோடு சிரித்துப் பேசி வரட்டும். அதுவும் சந்தோஷம்தான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மட்டையைத் தரையில் அடிப்பது, வீட்டுக்கு வந்து எரிந்து விழுவது, ஆட்டத்தைத் திட்டுவது - இதற்கெல்லாம் அவருக்கு உரிமை கிடையாது. ஐந்து வருடமாக அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. இரண்டு கண் அவரைப் பின்னாலிருந்து பார்க்க அவர்தான் விடவில்லை.