விதைக்கு மருந்து! வயிற்றுக்கு நஞ்சு!

மக்காச்சோள விதைப் பையைப் பிரித்துப் பாருங்கள். விதை சிவப்பாக இருக்கும்; அல்லது பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். அது அழகுக்குப் பூசிய சாயம் அல்ல. "இதில் மருந்து கலந்திருக்கிறது, தின்னாதே!" என்று கண்ணுக்குச் சொல்லும் எச்சரிக்கை.

மருந்து எதற்கு?

விதையிலும் மண்ணிலும் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். ஈரம் கண்டதும் அது விதையை முளைக்கும் முன்பே அழுகச் செய்துவிடும்.

அடிச்சாம்பல் நோய் அதைவிடப் பொல்லாதது. இளம் பயிரின் இலை கோடு கோடாக வெளிறும். அதிகாலையில் இலையின் அடியில் வெள்ளைப் பூச்சு தெரியும். பயிர் குட்டையாகிவிடும். கதிர் வந்தாலும் மணி பிடிக்காது.

நோய் கண்ணில் பட்ட பிறகு அந்தச் செடியைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே விதைக்கும் முன்பே காவல் போட வேண்டும். 1 கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் மருந்துத் தூள் என்பது தமிழ்நாட்டில் சொல்லப்படும் அளவு. ஏக்கருக்கு 8 கிலோ விதை என்றால் 48 கிராம் போதும். வயல் முழுவதும் தெளிக்கும் மருந்தைவிட இது மிகக் குறைவு.

"விதைக்கு மருந்தே வேண்டாம்" என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஆனால், மருந்து கலந்ததோடு கடமை முடிந்தது என்பதையும் ஏற்கவில்லை. ஏன்?

ஈராக்கில் நடந்த கொடுமை

1971-ம் ஆண்டு ஈராக் நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து கோதுமை விதை வந்தது. அதில் பூஞ்சணத்தைக் கொல்லும் பாதரச மருந்து பூசியிருந்தது. மூட்டையில் எச்சரிக்கையும் இருந்தது. எந்த மொழியில்? ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்! அந்த நாட்டுக் குடியானவருக்கு இரண்டும் தெரியாது.

பசி பொல்லாதது. விதையைக் கழுவினார்கள். சாயம் போயிற்று. நஞ்சும் போய்விட்டது என்று நம்பி, ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கை கால் மரத்தது. நடை தள்ளாடியது. பலருக்குப் பார்வை போயிற்று. மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். அவர்களில் 459 பேர் மாண்டார்கள்.

இன்று மக்காச்சோளத்துக்குச் சொல்லப்படும் மெட்டலாக்சில் அந்தப் பாதரச மருந்து அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: மருந்து பூசிய விதை உணவாகாது.

நாம் செய்ய வேண்டியது

கடையில் வாங்கிய விதையில் மருந்து ஏற்கெனவே கலந்திருந்தால், அதே மருந்தை மறுபடி கலக்காதீர்கள். வெறுங்கையால் விதையைத் தொடாதீர்கள். மீந்த விதையைக் கழுவிச் சமைக்காதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். வரப்பில் சிந்தியதை மண்ணால் மூடுங்கள். காலிப் பையில் அரிசி, பருப்பு கட்டி வைக்காதீர்கள்.

வியாபாரிகளுக்கும் கடமை உண்டு. மருந்து கலந்த விதைப் பையில் எச்சரிக்கை வேண்டும் என்று 1968-ம் ஆண்டு விதை விதிகளிலேயே சொல்லியிருக்கிறது. அதைப் பொடி எழுத்தில், புரியாத மொழியில் அச்சிட்டால் யாருக்குப் பயன்? பெரிய தமிழ் எழுத்தில் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படமும் போடுங்கள்.

வீட்டில் யாருக்கு எழுத்துத் தெரியுமோ, அவர் விதைக்கும் முன் அந்தப் பையை உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். கற்ற எழுத்து ஓர் உயிரைக் காக்குமானால், அதைவிடப் பெரிய பலன் வேறென்ன?