அனுப்பிவிட்டு விசாரிப்பது நீதியா?

புகலிடம் மறுக்கப்பட்டவர் சொந்த நாட்டுக்குப் போய் அங்கிருந்தே மேல்முறையீடு செய்யட்டும், வென்றால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம், விமானத்தை நிறுத்த நீதிபதி யார்? நாடு கடத்தலுக்கு இடைக்காலத் தடை விதிக்கும் நீதிமன்றங்களைச் சாடும் கட்டுரையாளர் ஒருவர் இப்படிக் கேட்கிறார். ஏதோ புது யோசனைபோல இதை முன்வைக்கிறார். பிரிட்டன் இதை எப்போதோ செய்து பார்த்துவிட்டது. அதற்குப் பணயமாக வைக்கப்பட்டவை தமிழ் உயிர்கள்.

1988 பிப்ரவரியில் ஐந்து இலங்கைத் தமிழர்களை லண்டன் திருப்பி அனுப்பியது. நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அவர்கள் மேல்முறையீடு செய்ய முடியும் என்பது அன்றைய சட்டம். வடக்கிலும் கிழக்கிலும் இந்தியப் படையும் புலிகளும் மோதிக்கொண்டிருந்த நேரம் அது. 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: ஐவரும் அகதிகளே, அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். அவர்கள் லண்டன் வந்து சேர்ந்தது அக்டோபரில். இருபது மாதங்கள், அரசு செய்த தவறுக்காக அவர்கள் அங்கே கிடந்தார்கள்.

இந்த ஐவர் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உரிமை மீறலில் ஈடுபடவில்லை என்று 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னதே என்று கட்டுரையாளர் கேட்கலாம். சொன்னது உண்மை. ஆனால் திரும்பிய பின் அவர்களில் மூவர் துன்புறுத்தப்பட்டதாகத் தெரிகிறது என்றும் அதே தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஐவரும் உயிரோடு இருந்ததால் திரும்ப அழைக்க முடிந்தது. கொல்லப்பட்டிருந்தால் யாரை அழைப்பது? இந்தக் கேள்விக்குக் கட்டுரை முழுக்கத் தேடியும் பதில் இல்லை.

தடையுத்தரவு என்பது வீண் இழுத்தடிப்பு என்று அடுத்த குற்றச்சாட்டு. அதற்கு ஆஸ்திரேலியாவின் பிலோயிலா ஊர்த் தமிழ்க் குடும்பத்தை உதாரணம் காட்டுகிறார். பெற்றோரின் வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது என்கிறார், அது சரிதான். அங்கே பிறந்த இளைய மகளின் கோரிக்கையை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? 2019 ஆகஸ்டில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மெல்போர்னிலிருந்து விமானம் கிளம்பிய இரவில், நீதிபதி தொலைபேசி வழியாகத் தடை விதித்தார். விமானம் டார்வினில் இறங்கியது. அந்தக் குழந்தைக்கு நியாயமான நடைமுறை மறுக்கப்பட்டது என்று 2020 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போய் 2021இல் தோற்றது. அந்த இரவில் தடை இல்லாவிட்டால் இந்தத் தீர்ப்புகளே இல்லை.

தடையுத்தரவு சொன்னது நாடு கடத்தாதே என்பது மட்டுமே. பின்னர் அரசு செய்ததுபோல், குழந்தைகளைக் கிறிஸ்துமஸ் தீவில் அடைத்துவை என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அந்தக் கொடுமையும் அதற்கான செலவும் அரசின் முடிவு. அதை நீதிமன்றத்தின் கணக்கில் எழுதுவது அப்பட்டமான புரட்டு. 2022இல் ஆட்சி மாறியது, அந்தக் குடும்பத்துக்கு நிரந்தர விசாவும் கிடைத்தது. கட்டுரையில் இதுவும் இல்லை.

தாமதம்தான் உங்கள் கவலை என்றால் தீர்ப்பாயங்களுக்கு இன்னும் நீதிபதிகளைக் கேளுங்கள், நல்ல மொழிபெயர்ப்பாளர்களைக் கேளுங்கள், முதல் விசாரணையையே ஒழுங்காக நடத்தச் சொல்லுங்கள். தீர்ப்பு வருமுன் ஒருவரை விமானத்தில் ஏற்றச் சொல்லி எழுதாதீர்கள்.