குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

யூரோடான்ஸ் இசை என்றாலே அறிவார்ந்த வட்டாரங்களில் ஒரு மெல்லிய இளக்காரம் தென்படுவதுண்டு. இயந்திரத் தாளம், வெற்றுச் சொற்கள், ஒரு கோடையோடு முடிந்துபோகும் ஆயுள் என்பன அதன்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள். 1993இல் இத்தாலியில் வெளியான கொரோனாவின் 'தி ரிதம் ஆஃப் தி நைட்' இவற்றை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொய்யாக்கி வருகிறது.

தயாரிப்பாளர் பிரான்செஸ்கோ பொன்டெம்பி அமைத்த கட்டுமானம் எளியது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 128 அடிகள்; ஒவ்வோர் அடியிலும் தவறாது விழும் பேஸ் டிரம்; அடிகளின் இடைவெளியில் ஒலிக்கும் ஹை-ஹாட்; மேலே சின்தசைசர். இவை அக்காலத்தின் எத்தனையோ பாடல்களில் இருந்தவைதாம். இப்பாடலைத் தனித்து நிறுத்துவது அதன் குரல். தாளம் உடலை ஆட அழைக்க, குரல் ஏக்கத்தோடு மேலெழுகிறது. களிப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்தத் தனிமையை உணர்ந்ததனால்தான் போலும், கிளேர் டெனி தமது 'போ திரவாய்' (1999) திரைப்படத்தின் இறுதியில், படையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவன் தன்னந்தனியே ஆடும் காட்சிக்கு இதனையே தேர்ந்தார்.

ஆயின் அக்குரல் யாருடையது? காணொளியிலும் மேடையிலும் உலகம் கண்டது பிரேசிலைச் சேர்ந்த ஓல்கா சோசாவை. பாடியவரோ ஜென்னி பி என்று அறியப்படும் இத்தாலியப் பாடகி ஜொவான்னா பெர்சோலா. பாடல் பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை ஏறியபோதும் அதைக் கேட்டவர்களுள் பெரும்பாலோர் அவர் பெயரை அறியவில்லை. 2000இல் சான்ரெமோ விழாவின் புதுமுகப் பிரிவில் வென்றபோதுதான் தம் சொந்தப் பெயரில் அவர் பரவலாக அறியப்பட்டார்.

பின்னணிப் பாடலில் ஊறிய இந்தியச் செவிக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றலாம். வேறுபாடு ஒன்றுண்டு: இங்கே முகம் வேறு, குரல் வேறு என்பது எவர்க்கும் மறைவன்று. அந்த வெளிப்படைத்தன்மையும் தானாக வந்ததன்று. 'மஹல்' (1949) படத்தின் இசைத்தட்டில் முதலில் அச்சானது லதா மங்கேஷ்கரின் பெயரன்று; கதாபாத்திரத்தின் பெயரான காமினி. அமெரிக்காவிலோ மார்த்தா வாஷ் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

ஆகவே, யூரோடான்ஸை இயந்திர இசை என இகழ்வது சுவைக்குறைபாடு மட்டுமன்று. அதற்குள் மூச்சைச் செலவிட்ட மனிதரை இரண்டாம் முறை மறைப்பதுமாகும். பாடல் நிலைத்திருப்பது குரலால் என்றால், பெயரும் குரலுக்கே முதலில் உரியது.