கையில் வாத்தியார், வாயில் பூட்டு!

உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். அநேகமாக எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்ட "குட்மார்னிங்" பறக்கிறது. அதே "குட்மார்னிங்"கை ஒரு வெளியூர் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால்? நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

பட்டம் வாங்கிய பிள்ளைகளிலும் பலருக்கு இதே கதிதான். பள்ளியில் பல ஆண்டு ஆங்கிலம் படித்தார்கள். பரீட்சை எழுதினார்கள். மார்க்கும் வாங்கினார்கள். ஆனால், பேசிப் பழகவில்லை. கோவையிலோ, திருப்பூரிலோ நேர்காணல் என்றதும் கை நடுங்குகிறது. வேலை தெரியாததால் அல்ல, கூச்சத்தால் வேலை போகிறது!

தமிழ் நமக்குத் தாய். அதில் சந்தேகம் இல்லை. ஆங்கிலம் பிழைப்புக்கு ஒரு கருவி. கருவியைப் பிடிக்கப் பழகுவதில் என்ன தவறு?

ரேடியோ பாடம்

வாத்தியார் முகத்தைப் பாராமல் ஆங்கிலம் கற்பது புதிதல்ல. 1943-ம் ஆண்டிலேயே பி.பி.சி. அயல்நாட்டாருக்கு ரேடியோ மூலம் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. 2009-ம் ஆண்டு வங்காள தேசத்தில் "ஜனாலா" என்ற பி.பி.சி. திட்டம் வந்தது. ஜனாலா என்றால் ஜன்னல். அப்போது செல்போனில் 3000 என்ற எண்ணை அழைத்தால், 3 நிமிடப் பாடம் காதில் விழுந்தது. விலை உயர்ந்த போன் தேவைப்படவில்லை. சாதாரண போனே போதுமானதாக இருந்தது.

ரேடியோ வாத்தியார் பேசுவார். நாம் பேசுவது அவர் காதில் விழாது. 2013-ம் ஆண்டு வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. நாமும் பேசி அனுப்பலாம்!

சிரிக்க ஆள் இல்லை

பேசியதை அனுப்புமுன் போட்டுக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். எதிரே நின்று சிரிக்க யாரும் இல்லை. கூச்சக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? திருத்துகிறவர் துபாயில் இருந்தாலும் சரி, ஓய்வு நேரத்தில் கேட்டுப் பதில் அனுப்பலாம்.

குழந்தை எப்படிப் பேசக் கற்றது? கேட்டது. தப்பாகப் பேசியது. அம்மா திருத்தினாள். ஆகவே, திருத்தும் காது கட்டாயம் வேண்டும். நூற்றுக்கணக்கானவர் கூடிய குழுவில் தினமும் பத்து வார்த்தை வந்து விழுந்தால் பேச்சு வந்துவிடாது. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவே நல்லது.

எச்சரிக்கையும் வேண்டும். குழுவில் சேர்ந்தால் உங்கள் போன் எண் மற்றவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் நன்கு தெரிந்தவர் நடத்தும் குழுவில் மட்டும் சேரட்டும். "முப்பதே நாளில் ஆங்கிலம்" என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களே! படித்து முடித்த இளைஞர்களே! உங்கள் தெருவில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்குத் தினம் ஒரு நிமிடப் பேச்சு போதும்.

"நான் பேசினது சரிங்களா, சார்?"

"ஒரு வார்த்தைதான் கண்ணு தப்பு. அதை மட்டும் மறுபடி சொல்லு, பார்க்கலாம்."

இவ்வளவுதான் பாடம்! இன்று வீட்டில் என்ன சமையல் என்பதை இரவே ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள். தப்பு வரட்டும். முதலில் வாய்ப்பூட்டு திறக்கட்டும்!