வாய்க்கால் ஜலமும் கலப்பு மின் யந்திரமும்

ஓடும் ஜலத்தில் கையகல யந்திரத்தை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் காட்டியிருக்கின்றனர். இதைக் கேட்டதும், இனி வாய்க்கால் ஓடும் ஊரெல்லாம் அதனாலேயே விளக்கேற்றலாம் என்று எண்ணத் தோன்றும். அவ்வுற்சாகத்தைக் குலைப்பது நமது நோக்கமன்று. ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறது.

விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் ஜலத்தில், 1 சதுர மீட்டர் பரப்பினூடே செல்லும் சக்தி 500 வாட். வேகம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை. எட்டிலொரு பங்காகி, சுமார் 62 வாட்டாகக் குறைகிறது. அதிலும் ஒரு பகுதியே யந்திரத்துக்குக் கிட்டும். 1932-ம் வருஷத்தில் பைக்காராவில் மின்சாரம் பிறந்தது, ஜலம் ஏறக்குறைய 3,000 அடி இறங்கியதால். தஞ்சைச் சமவெளியில் அத்தகைய வீழ்ச்சிக்கு எங்கே போவது?

எனினும் இப்புது யந்திரத்தை விளையாட்டுப் பொருளென்று நாம் தள்ளிவிடவில்லை. காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைப் பாரடே 1831-ல் கண்டார். அதில், சுழற்சி மந்தமானால் மின்னழுத்தமும் குன்றிவிடும். 2012-ல் அமெரிக்காவில் ஜோங் லின் வாங் குழுவினர் வெளியிட்டது வேறு வழி. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்து விளையாடாத பள்ளிப் பிள்ளை உண்டோ? அதே உராய்வு மின்சாரந்தான். டெப்லான் ஏடும் செப்புத் தகடும் தொட்டு விலகினால், மந்தமான அசைவிலும் அழுத்தம் மிகுதியாய்க் கிடைக்கிறது, ஓட்டமோ அற்பம். இவ்விரண்டு வழிகளையும் ஒரே அச்சில் பூட்டியதே கலப்பு யந்திரம். ஈரம் பட்டால் உராய்வுப் பகுதி செயலிழக்கும், தேய்மானமும் உண்டு. கிடைப்பது பெரும்பாலும் மில்லிவாட் கணக்கே.

அந்தச் சொற்ப சக்தியைச் சேமித்து வைத்தால், ஓர் அளவுக் கருவி அவ்வப்போது கண் விழித்து, ஜலத்தின் வேகத்தையும் மட்டத்தையும் கம்பியில்லாமல் அறிவிக்கப் போதுமானது. நம் நாட்டுக்கு இது சிறு காரியமா? பிலிகுண்டுலுவில் நமக்கு 177.25 டி.எம்.சி. வரவேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அங்கே ஒவ்வொரு கன அடிக்கும் வாதாடுகிறோம். வந்த ஜலம் வயலை நோக்கிப் பிரியும்போதோ, "திறந்துவிட்டோம்" என்கிறார் அதிகாரி. "வரவில்லை" என்கிறார் கடைமடை உழவர். இருவருமே உண்மை சொல்பவராக இருக்கலாம். நடுவில் எங்கே குறைந்ததென்று சொல்லச் சாட்சி வேண்டும்.

இதற்குச் சூரியத் தகடே போதுமென்பர். போதுமான இடத்தில் அதையே வைக்கட்டும். பாலத்தடியிலும் மரநிழலிலும் மற்றதைச் சோதிக்கட்டும். ஆகாயத்தாமரை சிக்கினால் எடுத்துவிட ஆளும் வேண்டும். நீர்வளத் துறையார் ஒரே ஒரு வாய்க்காலைத் தேர்ந்து, தலைப்பு முதல் கடைமடை வரை ஒரு சாகுபடிக் காலம் இதை நடத்திப் பார்க்க வேண்டுமென்று கோருகிறோம். வரும் அளவுகளை ஆபீஸ் கட்டுக்குள் முடிந்து வைக்காமல், அன்றன்றே மதகடியில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.